இதய அறுவைக்குப் பிறகு அழற்சியை அடக்கும் மருந்துகள்: எது, எந்த நாளில், எவ்வளவு

பைபாஸோ வால்வு மாற்றமோ முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில், அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை ரத்தத்தில் பார்த்தால் லிட்டருக்கு 150, 200 மி.கி. என்று இருப்பது சாதாரணம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது 5-ஐத் தாண்டாது. பெரும்பாலும் கிருமித் தொற்று எதுவும் இருக்காது. அறுவை சிகிச்சையே உடம்பை அந்த அளவுக்குக் கிளப்பிவிடுகிறது. இந்த அழற்சியை மருந்து கொடுத்து அடக்கினால் பின்னால் வரும் சிக்கல்கள் குறையுமா என்று, அறுவையின்போது இதயத்தின் வேலையைப் பார்க்கும் இதய-நுரையீரல் இயந்திரம் புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்தே மருத்துவர்கள் தேடி வருகிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து நடந்த சோதனைகளால் ஓரளவு தெளிவு கிடைத்திருக்கிறது. ஒரு மருந்து ஒரு சிக்கலை நன்றாகத் தடுக்கிறது, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றை அசைப்பதே இல்லை. வலிக்கென்று நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் சில மாத்திரைகளோ பைபாஸ் முடிந்தவருக்கு மாரடைப்பையே கொண்டுவரக் கூடியவை.

இதைப் புரிந்துகொள்ள அழற்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது ரத்தம் முழுக்கப் பரவுவது. இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களிலும் ஆக்சிஜனேட்டரிலும் ரத்தம் உரசிப் போகும்போது நோயெதிர்ப்புக்கான காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்படுகின்றன. பெருந்தமனியில் போட்ட கிளாம்ப்பை எடுத்ததும், அதுவரை ரத்தமின்றிக் கிடந்த இதயத் தசைக்குள் ரத்தம் பாயும்போது இன்னொரு அலை எழும். கடைசியில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் தன் பங்குக்குச் சேர்க்கும். இதெல்லாம் மணிக்கணக்கில் உச்சத்துக்குப் போய், சில நாட்களில் வடிந்துவிடும். இரண்டாவது இதய உறைக்குள்ளேயே நடப்பது. பெரிகார்டியம் என்னும் அந்த உறையை வெட்டித் திறந்து மூடிய பிறகு உள்ளே கொஞ்சம் ரத்தம் தங்குகிறது, உறையின் செல்கள் சிதைகின்றன, நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றைக் குறிவைக்கத் தொடங்குகிறது. இது மெல்ல மூண்டு வாரக்கணக்கில் நீடிக்கும். முதல் அழற்சிக்கென்று வந்தவை ஸ்டீராய்டுகள். இரண்டாவதற்கு வேலை செய்வது கோல்சிசின்.

ஸ்டீராய்டு கதையை முதலில் முடித்துவிடலாம். நெதர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் 4,494 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான டெக்ஸ் சோதனையில், மயக்கம் கொடுத்த பிறகு கிலோவுக்கு 1 மி.கி. வீதம், அதிகபட்சம் 100 மி.கி. டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுச் செயலிழப்பு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதில் மருந்து பெற்றவர்களில் 7.0 சதவீதம், பெறாதவர்களில் 8.5 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. 2015-இல் வந்த சர்ஸ் சோதனை இன்னும் பெரியது: 18 நாடுகள், 80 மருத்துவமனைகள், 7,507 பேர். மயக்கம் கொடுக்கும்போது 250 மி.கி., இயந்திரத்தில் ஏற்றும்போது 250 மி.கி. என்று மெத்தில்பிரட்னிசலோன். ஆபத்து அதிகம் உள்ளவர்களையே சேர்த்தார்கள். இந்தியாவிலும் சீனாவிலும் மட்டும் சேர்க்கைக்கான ஆபத்துப் புள்ளி வரம்பைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். முதல் 30 நாட்களில் மரணமோ பெருஞ்சிக்கலோ வந்தவர்கள் இரு பக்கமும் 24 சதவீதம். போதாததற்கு, இதயத் தசை சேதத்தைக் காட்டும் நொதி ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கூடுதலாக ஏறியது.

இவ்வளவு பெரிய சோதனைக்குப் பிறகும் எல்லோருக்கும் வழக்கமாக ஸ்டீராய்டு போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பைபாஸுக்கு வருகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். ஸ்டீராய்டு போட்டால் அவர்களுக்கு அறுவை அரங்கிலேயே சர்க்கரை எகிறும். அதை 180-க்குக் கீழே பிடித்து வைக்க இன்சுலின் சொட்டு ஓட வேண்டியிருக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ ஏற்கெனவே நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிட்டு வருபவருக்கு அதை நிறுத்தவே கூடாது. அவருடைய அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும் என்பதால் அறுவையின்போது கூடுதலாகவே கொடுக்க வேண்டும். அந்த விவரத்தை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி கோல்சிசின். மூட்டுவாதத்துக்கு, குறிப்பாக கவுட்டுக்குத் தலைமுறைகளாகப் பயன்பட்டு வரும் பழைய மருந்து இது. செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு நுண்குழல்கள் கட்டப்படுவதைத் தடுக்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களுக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு சேர்வதால், மிகக் குறைந்த அளவிலேயே அவற்றின் நடமாட்டத்தை மந்தமாக்கிவிடுகிறது. இதய உறை அழற்சியில் இதற்குத் தனி மவுசு இருப்பது இதனால்தான்.

அறுவைக்குப் பிந்தைய இதய உறை அழற்சியை மருத்துவர்கள் போஸ்ட் பெரிகார்டியாட்டமி சிண்ட்ரோம், சுருக்கமாக பி.பி.எஸ். என்கிறார்கள். பெரும்பாலும் முதல் வாரம் கழிந்து ஆறு வாரத்துக்குள் வரும். ஐந்து அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும்: வேறு காரணம் இல்லாத காய்ச்சல், மூச்சை இழுத்தாலோ மல்லாந்து படுத்தாலோ கூடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும் நெஞ்சு வலி, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் உரசல் ஒலி, எக்கோவில் தெரியும் இதய உறை நீர், சி.ஆர்.பி. உயர்வோடு சேர்ந்த நுரையீரல் உறை நீர். ஆளை உடனே கொல்லும் நோயல்ல. ஆனால் தையல் ஆறி நடக்கத் தொடங்கியவரை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கொஞ்சம் பேருக்கு நீர் பெருகி இதயத்தையே நெருக்கும்.

இத்தாலியைச் சேர்ந்த மாசிமோ இமாசியோவின் குழு 2010-இல் வெளியிட்ட காப்ஸ் சோதனையில் 360 பேர். அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் மருந்தைத் தொடங்கினார்கள். 70 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவருக்கு முதல் நாள் மட்டும் 1 மி.கி. இரண்டு வேளை, பிறகு 0.5 மி.கி. இரண்டு வேளை, மொத்தம் ஒரு மாதம். 70-க்குக் குறைந்தவர்களுக்கு எல்லாம் பாதி. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 8.9 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேருக்கும் பி.பி.எஸ். வந்திருந்தது. எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வராமல் தடுக்கலாம். இதய மருத்துவத்தில் ஒரு மலிவான மாத்திரைக்கு இது மிக நல்ல கணக்கு.

அடுத்து இயல்பாக எழுந்த யோசனை, அறுவைக்கு முன்பே தொடங்கினால் இன்னும் பலன் கிடைக்குமே, அறுவையின் மறுநாள்களில் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறையும் சேர்த்துத் தடுக்கலாமே என்பது. 2014-இல் வந்த காப்ஸ்-2 அதைத்தான் சோதித்தது. மறுபடி 360 பேர், 11 மருத்துவமனைகள். அறுவைக்கு 48 முதல் 72 மணி நேரம் முன்பே ஆரம்பித்து, அறுவைக்குப் பின் ஒரு மாதம். இந்த முறை முதல் நாள் இரட்டை அளவைக் கைவிட்டார்கள். 70 கிலோவுக்கு மேல் 0.5 மி.கி. இரு வேளை, அதற்குக் கீழ் ஒரு வேளை. பி.பி.எஸ். 29.4 சதவீதத்திலிருந்து 19.4-ஆகக் குறைந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 41.7-க்கு 33.9 என்று வந்தாலும் புள்ளியியல்படி அதை உறுதியான பலனாகக் கொள்ள முடியவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 41.2-க்கு 27.0 என்று பிரமாதமாகத் தெரிகிறது. இந்த எண்ணை வைத்து வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தைப் பாதியில் விட்டவர்கள் பலரும் உடம்பு முடியாமல் போனவர்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிறவர்கள் இயல்பாகவே தெம்பானவர்களாகத்தான் இருப்பார்கள்.

முதல் காப்ஸிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 22-இலிருந்து 12 சதவீதமாகக் குறைந்ததாக ஒரு துணை ஆய்வு 2011-இல் வந்தது. அதில் மூன்றாம் நாள் வரை சீரான துடிப்போடு இருந்த 336 பேர் மட்டுமே கணக்கில் இருந்தார்கள். இந்தத் துடிப்புக் கோளாறு உச்சத்துக்கு வருவது இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள். முன்பே வந்துவிட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2023-இல் காப்-ஏ.எஃப். என்ற பெரிய சோதனை, நுரையீரல் முதலிய மார்புக்கூட்டு அறுவைகள் செய்த 3,209 பேரிடம் 0.5 மி.கி. இரு வேளை பத்து நாள் கொடுத்துப் பார்த்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போலி மாத்திரை பெற்றவர்களில் 7.5, மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம். தெளிவான பலன் இல்லை. அது இதய அறுவை அல்ல என்பது உண்மைதான், ஆனாலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வைக்கும் எண்.

இதில் ஸ்டீராய்டுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஃபின்லாந்தில் மூன்று பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 241 பேரில் பாதிப் பேருக்கு, அறுவை நாள் மாலையில் தொடங்கி அடுத்த மூன்று நாட்கள் எட்டு மணிக்கு ஒருமுறை 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி கொடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 48 சதவீதத்திலிருந்து 30-ஆகக் குறைந்தது. சிறிய சோதனை, பின்னால் வந்த பெரிய சோதனைகளின் எடைக்கு முன் இதை வைத்து வழக்கம் ஏற்படுத்த முடியாது. ஸ்டாட்டினுக்கும் அழற்சியைக் குறைக்கும் குணம் உண்டென்று பெரிய நம்பிக்கை இருந்தது. சீனாவில் 1,922 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. கொடுத்து 2016-இல் வெளிவந்த சோதனையில் துடிப்புக் கோளாறு குறையவே இல்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கொஞ்சம் கூடியது. கொழுப்புக்காக ஸ்டாட்டின் சாப்பிட்டுவருபவர் தொடர வேண்டும். அறுவைக்கென்று புதிதாக ஏற்ற வேண்டிய தேவை இல்லை. துடிப்புக் கோளாறைத் தடுக்க பீட்டா பிளாக்கரும் அமியோடரோனும்தான் இன்றும் முன்னணியில் இருக்கின்றன. நியூயார்க்கில் 420 பேரிடம் நடந்து 2021-இல் வந்த பலாக்ஸ் சோதனையில், இதய உறையின் பின்பக்கம் ஒரு சிறு கீறல் போட்டு ரத்தத்தை இடப்பக்க நுரையீரல் உறைக்குள் வடியவிட்டதிலேயே துடிப்புக் கோளாறு 32 சதவீதத்திலிருந்து 17-ஆகியிருக்கிறது. தேங்கும் ரத்தம்தான் அழற்சிக்குத் தீனி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆக, கோல்சிசின் கொடுப்பதென்றால் பி.பி.எஸ். தடுப்புக்காகக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதலும் எடைக்கேற்ற அளவில் ஒரு மாதம் என்று அதைத்தான் சொன்னது. எப்போது தொடங்குவது என்பதில் என் விருப்பம் மூன்றாம் நாள். அதற்குள் செயற்கை மூச்சு எடுக்கப்பட்டிருக்கும், வாய்வழி உணவு ஆரம்பித்திருக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்கும். முன்பே தொடங்கிய காப்ஸ்-2-இல் வயிற்றுக் கோளாறு போலி மாத்திரை பெற்றவர்களில் 6.7, மருந்து பெற்றவர்களில் 14.4 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

பேதியை இங்கே சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுவை முடிந்தவர் ஏற்கெனவே நீர் பிரிக்க ஃபுரோசமைடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நாலு முறை பேதி போனால் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கும். நாம் தடுக்க நினைத்த துடிப்புக் கோளாறுக்கு அதுவே வழிவிடும். நீர் வற்றினால் கிரியாட்டினின் ஏறும். சிறுநீரகம் மந்தமானால் கோல்சிசின் வெளியேறாமல் உடம்பில் சேரும், சேரச் சேரப் பேதி கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். வேறு எகிறும். அதனால் நீராகப் பேதி போகத் தொடங்கினால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். பேதி நின்ற பிறகு பாதி அளவில் மறுபடி தொடங்குவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நம் ஊரில் 60 கிலோ, 55 கிலோ எடையுள்ளவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு 0.5 மி.கி. மாத்திரை போதும். இரண்டு வேளை என்று அச்சடித்த மாதிரி எழுதுவதுதான் பல பேதிகளுக்குக் காரணம்.

கிரியாட்டினின் 2.5-ஐத் தாண்டியவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், ரத்த அணுக் கோளாறு உள்ளவர்கள், தசை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இவர்களையெல்லாம் சோதனைகளிலேயே சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தடுப்பாகக் கொடுப்பதைத் தவிர்ப்பதே சரி. டயாலிசிஸில் இந்த மருந்து வெளியேறாது.

கூட்டு மருந்துகள்தான் உண்மையான ஆபத்து. கோல்சிசினை உடம்பிலிருந்து அகற்றுவது குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிப் 3ஏ4 நொதியும் பி-கிளைக்கோபுரதம் என்ற கடத்தியும். இவை இரண்டையும் ஒருசேர அடைக்கும் மருந்து சேர்ந்தால் சாதாரண அளவே விஷமாகிவிடும். முதலிடம் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு. இந்தக் கூட்டில் மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. அறுவை முடிந்து மூன்றாம் வாரம் சளி, இருமல் என்று வீட்டுப் பக்கத்து கிளினிக்குக்குப் போனால் எழுதித்தர வாய்ப்புள்ள மருந்து அது என்பதுதான் சிக்கல். அசித்ரோமைசினுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் அமியோடரோன் சாப்பிடுபவருக்கு அது வேறு வழியில் துடிப்பைக் குலைக்கும். பூஞ்சைக்கான இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், மாற்று உறுப்பு பெற்றவர்களின் சைக்ளோஸ்போரின் இவையும் கூடாதவை. இதய வார்டிலேயே புழங்கும் மருந்துகள் மூன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையிலிருந்து எடுத்த ரேடியல் தமனி சுருங்காமல் இருக்கக் கொடுக்கும் டில்டியாசெம், வேகத் துடிப்புக்குக் கொடுக்கும் வெரப்பமில், பிறகு அமியோடரோன். இவற்றோடு கோல்சிசின் தேவையென்றால் குறைந்த அளவில், கண்காணிப்போடு. ஸ்டாட்டினோடு சேரும்போது தொடை, தோள் தசைகளில் வலியோ, தரையிலிருந்து எழ முடியாத பலவீனமோ வந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. பரிசோதனை செய்துவிட வேண்டும்.

கோல்சிசினுக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. நம் மாநில மலரான செங்காந்தள், கண்வலிக் கிழங்கு என்று விவசாயிகள் சொல்லும் அதே கொடி, உலகச் சந்தைக்குக் கோல்சிசின் தரும் பயிர்களில் ஒன்று. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே பந்தல் கட்டிச் சாகுபடி செய்கிறார்கள். அந்தக் கிழங்கைத் தின்று இறப்பவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மாத்திரையின் விஷமும் அதே விஷம்தான். முதல் நாள் வாந்தியும் பேதியும். அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். பிழைத்தவருக்கு இரண்டு வாரத்தில் முடி கொட்டும். கைவசம் முறிமருந்து கிடையாது. ஒரு மாதத்துக்கு வாங்கும் 30 மாத்திரையில் இருப்பது 15 மி.கி. அதில் பாதியே ஒரு சிறு குழந்தையின் உயிரை எடுக்கப் போதுமானது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அந்த அட்டையைப் பூட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது வலி மாத்திரை. கடைக்காரரிடம் நெஞ்செலும்பு வலிக்கிறது என்றால் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைத்தான் எடுத்துத் தருவார். பைபாஸ் முடிந்தவருக்கு இது கூடாது. 2005-இல் வெளியான ஒரு சோதனையில், பைபாஸ் செய்த 1,671 பேரில் ஒரு பகுதியினருக்குப் பாரெகாக்சிப், வால்டெகாக்சிப் என்ற வலி மருந்துகளைப் பத்து நாட்கள் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 0.5 சதவீதத்திலிருந்து 2.0 சதவீதமாயின. வால்டெகாக்சிப் அந்த ஆண்டே சந்தையிலிருந்து போனது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகள் என்னும் இந்த வகையின் பெட்டிகளில் பைபாஸ் அறுவையையொட்டிய வலிக்குத் தரக் கூடாது என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் இந்த வகைதான். ஐபுபுரோஃபெனுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஆஸ்பிரினுக்கு முன்னால் விழுங்கினால், தட்டணுவில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது மறைத்துக்கொள்ளும். பைபாஸுக்காகப் புதிதாகப் போட்ட ரத்தக்குழாயான கிராஃப்ட் அடைபடாமல் காப்பதே அந்த ஆஸ்பிரின்தான். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில். அதில் அடங்காவிட்டால் அறுவை மருத்துவரிடம் கேட்டு டிரமடால்.

தடுப்புக்கும் தீர்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிய இரண்டு பிரெஞ்சு சோதனைகளைச் சொல்லாமல் விட முடியாது. அறுவைக்குப் பின் எக்கோவில் மிதமான அல்லது பெரிய அளவு இதய உறை நீர் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2010-இல் டைக்ளோஃபெனாக் 50 மி.கி. இரு வேளை 14 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் கோல்சிசின் நாளொன்றுக்கு 1 மி.கி. 14 நாட்கள். இரண்டிலும் இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள். இரண்டிலும் நீரும் குறையவில்லை, நீர் இதயத்தை நெருக்கும் டாம்போனேடும் குறையவில்லை. காய்ச்சலும் வலியும் உயர்ந்த சி.ஆர்.பி.யும் இல்லாமல் வெறுமனே தேங்கி நிற்கும் நீர் பல நேரம் பழைய ரத்தக் கசிவு. அதை எந்த அழற்சி மருந்தும் வற்ற வைக்காது. எக்கோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும், தேவைப்பட்டால் வடிப்பதும்தான் வழி.

உண்மையாகவே பி.பி.எஸ். வந்துவிட்டவருக்கு ஆஸ்பிரின் அதிக அளவில், 750 முதல் 1,000 மி.கி. எட்டு மணிக்கு ஒருமுறை, வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு. ஒன்றிரண்டு வாரத்தில் வலியும் சி.ஆர்.பி.யும் இறங்கியதும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதோடு கோல்சிசின் எடைக்கேற்ப, இம்முறை மூன்று மாதம் வரை. இவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் பிரட்னிசலோன், கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி., மிக மெதுவாகக் குறைத்தபடி. அவசரமாகக் குறைத்தால் நோய் திரும்ப வரும். செயற்கை வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் இந்த அளவு ஆஸ்பிரின் ரத்தக் கசிவை வரவழைக்கும் என்பதால், அந்தச் சிகிச்சையை மருத்துவமனையில் இருந்தபடி ஐ.என்.ஆரை அடிக்கடி பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

வீடு திரும்பிய இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. படுத்தால் மூச்சு முட்டி உட்கார வேண்டியிருப்பது, நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாமல் போவது, கழுத்து நரம்பு புடைப்பது, ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட இறங்கி நாடி 100-க்கு மேல் ஓடுவது, சிறுநீர் குறைவது. கோல்சிசின் தவறாமல் சாப்பிட்டு வந்தவரிடம் வந்தாலும் இவற்றுக்கு ஒரே பதில் அன்றைக்கே எக்கோ. அறுவை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்தால், எக்கோ வசதியுள்ள அருகிலுள்ள இதய மருத்துவமனைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.